தலைவர்களின் பள்ளிக்கூடம்

வேட்புமனுவோடு இணைக்கும் பிரமாணப் பத்திரத்துக்குப் 'படிவம் 26' என்று பெயர். சொத்து, கடன், நிலுவையில் இருக்கும் வழக்குகள் என்று பக்கம் பக்கமாக எழுதிய பிறகு கல்வித் தகுதி பற்றிய பத்தி வரும். பெற்ற உயர்ந்தபட்சக் கல்வி எது, எந்தப் பள்ளி அல்லது கல்லூரி, எந்த ஆண்டில் முடித்தது என்பதை வேட்பாளர் எழுதி உறுதிமொழி அளிக்க வேண்டும். 2002 மே மாதம் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பில் தொடங்கியது இந்தக் கட்டாயம். அந்தத் தீர்ப்பைச் செயலிழக்கச் செய்ய நாடாளுமன்றம் ஒரு சட்டப் பிரிவு கொண்டுவந்தது. 2003 மார்ச்சில் அதையும் நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. அன்றிலிருந்து ஒவ்வொரு தேர்தலிலும் பத்திரிகைகள் இந்தப் பத்தியை எடுத்து வைத்துக் கணக்குப் போடுகின்றன: பட்டதாரிகள் எத்தனை பேர், பள்ளிப் படிப்போடு நின்றவர்கள் எத்தனை பேர் என்று.

தமிழ்நாட்டு முதலமைச்சர்களை இந்தப் பத்தியில் வரிசையாக எழுதிப் பார்க்கலாம். ராஜாஜி, பி.ஏ., பி.எல். காமராஜர், ஆறாம் வகுப்பு. பக்தவத்சலம், வழக்கறிஞர். அண்ணா, எம்.ஏ. கருணாநிதி, பள்ளி இறுதித் தேர்வில் தேறாதவர். எம்.ஜி.ஆர்., மூன்றாம் வகுப்பு. ஜெயலலிதா, மெட்ரிகுலேஷன். நீண்ட காலம் ஆண்டவர்கள் எல்லாரும் கல்லூரிப் பட்டம் இல்லாதவர்கள். இதை வைத்துப் படிப்புக்கும் ஆட்சிக்கும் சம்பந்தமே இல்லை என்று வாதிடுபவர்கள் உண்டு. படிக்காதவர்களிடம் நாட்டைக் கொடுத்துவிட்டோம் என்று குமுறுபவர்களும் உண்டு. இரு தரப்பாரும் அந்தப் பத்தியில் எழுதப்பட்டதை மட்டுமே பார்க்கிறார்கள். ஒருவர் எந்த வகுப்போடு நின்றார் என்பதைவிட, எந்த வாசலில் எப்படி நிறுத்தப்பட்டார், பிறகு அந்த வாசலை என்ன செய்தார் என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. தமிழ்நாட்டுத் தலைவர்களின் கல்வி வரலாறு பெரும்பாலும் பள்ளி அனுமதியின் வரலாறுதான்.

ரெட்டமலை சீனிவாசன் தம் 'ஜீவிய சரித்திர சுருக்கம்' நூலில் மாணவப் பருவத்தைச் சில வரிகளில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார். அந்தச் சில வரிகள் போதும். அவர் படித்த கோயம்புத்தூர்க் கல்விச்சாலையில் சுமார் 400 மாணவர்கள். பத்துப் பேரைத் தவிர மற்றவர்கள் பிராமணர்கள். சக மாணவர்களோடு பழகினால் ஊர் எது, உறவு யார் என்று பேச்சு வளரும், சாதி தெரிந்துவிடும் என்று அஞ்சினார். அதனால் நேரத்தோடு வந்தாலும் பள்ளிக்கு வெளியிலேயே எங்காவது உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பார். மணி அடித்த பிறகுதான் வகுப்புக்குள் போவார். வகுப்பு முடிந்ததும் பிள்ளைகள் தம்மை எட்டிப் பிடிக்காதபடி விரைந்து வீடு திரும்பிவிடுவார். விளையாட்டு கிடையாது, தோழர்கள் கிடையாது. இவர்தான் பின்னால் 'பறையன்' என்ற பெயரிலேயே 1893இல் பத்திரிகை தொடங்கினார். 1923இல் சென்னை சட்டமன்றத்துக்கு வந்தார். பொதுச் சாலைகளையும் கிணறுகளையும் எல்லாச் சாதியாரும் பயன்படுத்தலாம் என்ற தீர்மானத்தை 1924இல் நிறைவேற்ற வைத்தார். லண்டன் வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கரோடு அமர்ந்தார். சாதி தெரிந்துவிடக் கூடாது என்று ஒளிந்து படித்த பையன், சாதிப் பெயரையே பத்திரிகையின் நெற்றியில் அச்சிடும் இடத்துக்கு வந்ததை எந்தச் சான்றிதழும் காட்டாது.

புதுக்கோட்டையில் இன்னொரு வாசல். மகாராஜா கல்லூரியில் ஆண்கள் மட்டுமே படித்த காலத்தில் முத்துலட்சுமி என்ற பெண் சேர விண்ணப்பித்தார். அவருடைய தந்தை அதே கல்லூரியில் முதல்வராக இருந்தவர். அப்படியிருந்தும் எதிர்ப்பு கிளம்பியது. பையன்களின் பெற்றோர் கொதித்தார்கள். கடைசியில் மகாராஜாவே தலையிட்டுச் சேர்க்கச் சொன்னார். 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்ற டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1926இல் சென்னை சட்டமன்றத்துக்கு வந்து அதன் துணைத் தலைவராகவும் ஆனார். தேவதாசி முறை ஒழிப்புக்கு அவர் அங்கே நடத்திய போராட்டம் ஊரறிந்தது. ஒரு மன்னர் கையெழுத்திட மறுத்திருந்தால் அந்தச் சட்டமன்ற வாழ்க்கையே இல்லை என்பதை நினைத்தால் மனம் பதறுகிறது. கையெழுத்துக் கிடைக்காமல் போனவர்கள் எத்தனை பேரோ!

ராஜாஜிக்கு வாசல் தானாகவே திறந்தது. தொரப்பள்ளியில் பிறந்து ஓசூரில் படித்து, பெங்களூர் சென்ட்ரல் கல்லூரி, சென்னை மாநிலக் கல்லூரி, சட்டப் படிப்பு என்று போய், 1900இல் சேலத்தில் வழக்கறிஞர் தொழில் தொடங்கினார். அந்தக் காலத்துக் காங்கிரஸ் தலைவர் ஒருவர் வளரும் பாதை இதுதான். நீதிமன்றத்தில் பேசப் பழகிய நாக்கு மேடைக்கு வரும்; வழக்கு இல்லாத நாளில் நகராட்சி; அங்கிருந்து சட்டமன்றம்.

விருதுநகரில் கதை வேறு. நாடார் சமூகத்துக்கு அன்றைக்குக் கோயில் வாசலே மூடியிருந்தது. அந்தச் சமூகம் வணிகத்தில் மகமை வசூலித்தது, வீட்டுக்கு வீடு பிடி அரிசி சேர்த்தது, அந்தப் பணத்தில் தன் பிள்ளைகளுக்குத் தானே பள்ளி கட்டிக்கொண்டது. சமைக்கும் முன் ஒரு கைப்பிடி அரிசியை எடுத்துப் பானையில் போட்டு வைப்பார்கள். அதைச் சேர்த்து விற்றுப் பள்ளிக்குச் செலவு செய்வார்கள். இப்படி நடந்த சத்திரிய வித்தியாசாலைதான் காமராஜர் படித்த பள்ளி. 1903இல் பிறந்தவர்; சிறு வயதிலேயே தந்தை இறந்தார்; ஆறாம் வகுப்போடு படிப்பு நின்று மாமாவின் துணிக்கடைக்குப் போனார். அவர் நின்றதற்குக் காரணம் வீட்டின் வறுமை. ஆனால் நின்ற வரைக்கும் படிக்க முடிந்ததற்குக் காரணம் ஊரின் அரிசி. இந்த இரண்டையும் அவர் ஆட்சியில் நாம் பார்க்கிறோம்.

கடைக்குப் போன பையனின் படிப்பு அங்கே முடியவில்லை. பத்திரிகை படிப்பது, கூட்டங்களில் வரதராஜுலு நாயுடு போன்றவர்கள் பேசுவதைக் கேட்பது, பிறகு சிறை. எல்லாம் சேர்த்தால் ஒன்பது ஆண்டுகளுக்கு அருகில் சிறையில் இருந்தவர். உப்புச் சத்தியாக்கிரகத்தில் கைதாகி அலிப்பூர் சிறைக்குப் போனார். அன்றைய சிறைகளில் பட்டதாரிகளும் வழக்கறிஞர்களும் பேராசிரியர்களும் கூடவே இருந்தார்கள். நூலும் விவாதமும் நேரமும் இருந்தன. ஆங்கிலப் பத்திரிகை படித்துப் புரிந்துகொள்ளும் பயிற்சி அவருக்கு இப்படித்தான் கிடைத்தது. விடுதலைப் போராட்டச் சிறைகளை ஒரு கல்லூரி என்று சொல்வதில் மிகை ஏதும் இல்லை.

1953இல் நடந்ததை இந்தப் பின்னணியில்தான் பார்க்க வேண்டும். முதலமைச்சர் ராஜாஜி கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் புதிய திட்டம் கொண்டுவந்தார். பிள்ளைகளுக்குப் பள்ளி நாளில் மூன்று மணி நேரம்தான். மாறி மாறி இரண்டு வேளையாக வகுப்பு. மீதி நேரத்தில் தகப்பன் தொழிலைப் பழக வேண்டும். அரசிடம் பணம் இல்லை, இருக்கிற ஆசிரியர்களையும் கட்டடத்தையும் கொண்டு இருமடங்கு பிள்ளைகளைப் படிக்கவைக்கலாம் என்பது அவர் வாதம். அந்த வாதத்தை நேர்மையற்றது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் குயவர் வீட்டுப் பிள்ளை பிற்பகலில் மண் பிசைய வேண்டும், வெளுப்பவர் வீட்டுப் பிள்ளை துறைக்குப் போக வேண்டும் என்றால் அடுத்த தலைமுறையும் அங்கேயே நிற்கும். பெரியாரும் தி.மு.க.வும் அதற்கு 'குலக்கல்வித் திட்டம்' என்று பெயர் வைத்தார்கள். போராட்டம் வெடித்தது, காங்கிரசுக்குள்ளேயே பிளவு வந்தது. 1954 ஏப்ரலில் ராஜாஜி விலகினார், காமராஜர் வந்தார், மே மாதத்திலேயே திட்டம் கைவிடப்பட்டது. அரை நாள் பள்ளி போதும் என்று நினைத்தவர் மாகாணத்தின் மிகப் பெரிய படிப்பாளிகளில் ஒருவர். முழு நாளும் வேண்டும் என்று நினைத்தவர் ஆறாம் வகுப்பில் நின்றவர். பள்ளி எப்போதும் எட்டும் தூரத்தில் இருந்தவர்களுக்கு அதன் அருமை கணக்காகத் தெரியும். எட்டாமல் போனவர்களுக்கு அது பசியாகத் தெரியும். என் பார்வையில் வேறுபாடு அறிவில் இல்லை, அனுபவத்தில் இருந்தது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். 'படிக்காத மேதை' என்ற புகழ்ச்சியில் நமக்குள்ள மயக்கம் காமராஜரையே தவறாகக் காட்டுகிறது. அவர் அமைச்சரவை எட்டுப் பேர் கொண்டது. அதில் அவரை எதிர்த்துத் தலைமைக்குப் போட்டியிட்ட சி. சுப்பிரமணியத்தையும், சுப்பிரமணியத்தின் பக்கம் நின்ற பக்தவத்சலத்தையும் சேர்த்துக்கொண்டார். இருவரும் சட்டம் படித்தவர்கள். கல்வித் துறை சுப்பிரமணியத்திடம் போனது. பொதுக் கல்வி இயக்குநராக நெ.து. சுந்தரவடிவேலு இருந்தார். மதிய உணவுத் திட்டமும் பள்ளிச் சீரமைப்பு இயக்கமும் அவருடைய உழைப்பில்லாமல் நடந்திருக்காது. 1956இல் எட்டயபுரத்தில் மதிய உணவு தொடங்கியபோது அதற்குப் பின்னால் கணக்குப் பார்த்தவர்கள், சுற்றறிக்கை எழுதியவர்கள், ஊர்ப் பெரியவர்களிடம் நன்கொடை கேட்டு நடந்த ஆசிரியர்கள் என்று ஒரு பெரிய கூட்டமே இருந்தது. படித்தவர்களின் படிப்பை எதற்குப் பயன்படுத்துவது என்று அறிந்தவர் காமராஜர். படிப்பு தேவையில்லை என்பதற்கு அவரை எடுத்துக்காட்டாக்குவது அவர் வாழ்நாள் வேலைக்குச் செய்கிற அநீதி.

கல்லூரி ஓர் அரசியல் தலைமுறையையே உருவாக்கியதற்குத் திராவிட இயக்கம் நல்ல சான்று. காஞ்சிபுரத்து நெசவுத் தொழில் குடும்பத்தில் பிறந்த அண்ணாவைத் 'தொத்தா' என்று அவர் அழைத்த சிற்றன்னை ராசாமணி அம்மாள் வளர்த்தார். ஊர்ப் பச்சையப்பன் பள்ளியில் படிக்கையில் பண நெருக்கடி. இடையில் நகராட்சி அலுவலகத்தில் எழுத்தர் வேலை. பிறகு சென்னைப் பச்சையப்பன் கல்லூரி. பொருளாதாரமும் அரசியலும் படித்து 1934இல் ஆனர்ஸ் முடித்தார். வகுப்பில் படித்த ஐரோப்பிய வரலாற்றையும் கல்லூரி மன்றத்தில் பழகிய வாதத்தையும் அவர் அப்படியே தமிழ் மேடைக்குக் கொண்டுவந்தார். ரோமாபுரியும் பிரெஞ்சுப் புரட்சியும் காஞ்சிபுரத்துத் தெருக்கூட்டத்தில் பேசப்பட்டது இப்படித்தான். நாற்பதுகளில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத் தமிழ்த் துறையிலிருந்து நெடுஞ்செழியனும் அன்பழகனும் வந்தார்கள். அன்பழகன் பச்சையப்பன் கல்லூரியில் 1944 முதல் 1957 வரை பாடம் நடத்தியவர். அமைச்சரான பிறகும் கட்சிக்காரர்களுக்கு அவர் 'பேராசிரியர்'தான்.

இந்தப் பட்டதாரிகள் பேசியதை ஊர்களில் வாங்கிக்கொண்டவர்கள் பட்டதாரிகள் அல்லர். படிப்பகங்களிலும் முடிதிருத்தும் கடைகளிலும் தேநீர்க் கடைகளிலும் எழுத்துத் தெரிந்த ஒருவர் 'விடுதலை'யையோ 'திராவிட நாடு' இதழையோ உரக்கப் படிப்பார். சுற்றி இருப்பவர்கள் கேட்பார்கள், இடைமறிப்பார்கள், மறுநாள் அதையே வேறொருவருக்குச் சொல்வார்கள். கிளைக்கழகச் செயலாளர்கள் பலருக்கு வாய்த்த உயர்கல்வி இதுதான். பெரியாரே திண்ணைப் பள்ளியிலும் நகராட்சிப் பள்ளியிலுமாகச் சில ஆண்டுகள் மட்டும் படித்துவிட்டு மண்டிக் கடைக்குப் போனவர் என்பதால், இந்த ஏற்பாட்டின் வலிமை அவருக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

திருவாரூரில் நடந்ததைக் கருணாநிதி 'நெஞ்சுக்கு நீதி'யில் எழுதியிருக்கிறார். திருக்குவளையில் இசைவேளாளர் குடும்பத்தில் பிறந்தவர். நாகசுரம் கற்க அனுப்பினார்கள். கோயில் சூழலில் அந்தச் சாதிப் பிள்ளைகள் மேல்சட்டை போடக் கூடாது, துண்டை இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டும் என்ற முறை பையனுக்குப் பொறுக்கவில்லை. இசைப் பயிற்சி நின்றது. திருவாரூர் உயர்நிலைப் பள்ளியில் சேரப் போனார். தலைமையாசிரியர் இடமில்லை என்றார். சேர்க்காவிட்டால் எதிரே இருக்கும் கமலாலயக் குளத்தில் விழுந்துவிடுவேன் என்று பையன் சொன்னான். ஐந்தாம் வகுப்பில் இடம் கிடைத்தது. கமலாலயத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது ஊரளவு பெரிய தெப்பக்குளம். வெறும் மிரட்டலாக எடுத்துக்கொள்ள முடியாது. நீதிக்கட்சித் தலைவர் பனகல் அரசரைப் பற்றிய சிறு நூல் ஒன்று துணைப்பாடமாக இருந்தது. அதை முழுக்க மனப்பாடம் செய்தார். தம் அரசியல் பாடம் அங்கே தொடங்கியது என்பது அவர் கருத்து. கையெழுத்துப் பத்திரிகை நடத்தினார், மாணவர் மன்றம் அமைத்தார். பள்ளி இறுதித் தேர்வை மூன்று முறை எழுதியும் தேறவில்லை. இதே மனிதர் முதலமைச்சராக இருந்தபோது, 2006இல் பொறியியல், மருத்துவப் படிப்புகளுக்கான மாநில நுழைவுத் தேர்வை ஒழிக்கும் சட்டம் வந்தது. 2010இல் தொழிற்படிப்பில் சேரும் முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்குக் கல்விக் கட்டணச் சலுகை வந்தது. தேர்வு அறையில் ஒருவருக்கு நேர்வது முழுக்க அவருடைய தகுதியைப் பொறுத்தது அல்ல என்று நம்பிய ஒருவரிடமிருந்துதான் இப்படிப்பட்ட முடிவுகள் வரும்.

எம்.ஜி.ஆர். படித்தது கும்பகோணம் ஆனையடிப் பள்ளியில். கண்டிப் பக்கத்தில் தந்தை இறந்த பிறகு தாய் இரண்டு பையன்களோடு அங்கே வந்து சேர்ந்திருந்தார். மூன்றாம் வகுப்போடு மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனி. அந்த நாடகக் கம்பெனிகள் கடுமையான பள்ளிகள்: குரல் பயிற்சி, பாட்டு, நடனம், கத்திச் சண்டை, முழு நாடகத்தின் வசனமும் மனப்பாடம். உச்சரிப்பு பிசகினால் அடி விழும். சோறு கிடைக்கும் என்பதே பல பிள்ளைகள் அங்கே சேர்ந்ததற்குக் காரணம். 1982 ஜூலை 1ஆம் தேதி சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது தம் சிறுவயதுப் பசியை அவர் காரணமாகச் சொன்னார். நிதித் துறையில் தயக்கம் இருந்தது, அவர் கேட்கவில்லை. அதே ஆட்சியில்தான் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கும் கதவு திறந்தது. அதன் பிறகு கல்லூரியில் படித்த அரசியல்வாதிகளோடு கல்லூரி நடத்தும் அரசியல்வாதிகளும் வந்தார்கள். அந்த மாற்றம் தனியாக ஆராய வேண்டிய பெரிய விஷயம்.

1967 தேர்தலில் விருதுநகரில் காமராஜர் 1,285 வாக்குகளில் தோற்றார். அவரை வென்ற பெ. சீனிவாசன் 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் முன்னணியில் நின்ற மாணவர் தலைவர். ஒரு முதலமைச்சர் ஊர் ஊராகப் பள்ளி திறந்தால், பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் கல்லூரி வாசலுக்கு ஒரு தலைமுறை வந்து சேரும். அது தன் கருத்தைச் சொல்லும். இதில் எனக்கு வருத்தம் உண்டு. ஆனால் கல்வி வேலை செய்திருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றும் தெரியவில்லை.

தலைவர்களுக்குக் கல்வித் தகுதியைச் சட்டமாக்க வேண்டும் என்ற கோரிக்கை புதிதல்ல. 1949 நவம்பர் 26 அன்று அரசியல் நிர்ணய சபையின் நிறைவுரையில் ராஜேந்திர பிரசாத் தமக்கு இரண்டு குறைகள் இருப்பதாகச் சொன்னார். சட்டமியற்றுபவர்களுக்குத் தகுதி எதுவும் வைக்க முடியவில்லை என்பது ஒன்று. அரசியல் சட்டத்தை இந்திய மொழியில் எழுத முடியவில்லை என்பது மற்றொன்று. 1902இல் கல்கத்தா பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் முதலிடம் பெற்றவர் அவர். அதே சபையில் உறுப்பினராக இருந்தவர் காமராஜர். 1951 கணக்கெடுப்பின்படி நாட்டில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் 18 விழுக்காட்டினர்தான். அன்று தகுதி வைத்திருந்தால் ஐந்தில் நான்கு பேர் முதல் நாளிலேயே வெளியே நின்றிருப்பார்கள். சபை அதைச் செய்யவில்லை.

நம் ஊரிலேயே இது ஒரு வழக்காகவும் வந்தது. 1986 வரை தமிழ்நாட்டில் இருந்த மேலவையில் பட்டதாரிகள் தொகுதி என்று ஒன்று இருந்தது. அதில் பட்டதாரிகள் மட்டுமே வாக்களித்தார்கள். 1970 ஏப்ரலில் சென்னைப் பட்டதாரிகள் தொகுதியில் ஜி. நாராயணசாமி வென்றார். அவர் பட்டதாரி அல்லர். உயர் நீதிமன்றம் தேர்தலை ரத்து செய்தது. உச்ச நீதிமன்றம் 1972இல் அந்தத் தீர்ப்பை மாற்றியது: அரசியல் சட்டம் வாக்காளருக்குத்தான் பட்டம் கேட்கிறது, வேட்பாளருக்கு அல்ல, படித்தவர்கள் தங்களுக்குத் தகுந்தவர் என்று யாரைத் தேர்ந்தெடுத்தாலும் அது அவர்கள் உரிமை. எவ்வளவு விவேகமான தீர்ப்பு இது!

43 ஆண்டுகள் கழித்து அதே நீதிமன்றம் வேறு விதமாகப் பேசியது. ஹரியானா அரசு 2015இல் ஊராட்சித் தேர்தலில் நிற்பவர்களுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியைக் கட்டாயமாக்கியது. பெண்களுக்கும் பட்டியல் சாதியினருக்கும் எட்டாம் வகுப்பு. பட்டியல் சாதிப் பெண் வார்டு உறுப்பினராக நிற்க ஐந்தாம் வகுப்பு. வீட்டில் கழிப்பறை இருக்க வேண்டும், மின்கட்டண பாக்கி இருக்கக் கூடாது என்றும் விதிகள். 2015 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. நல்லது கெட்டது பிரித்தறியும் ஆற்றலைக் கல்விதான் தருகிறது என்பது தீர்ப்பின் அடிப்படை வாதம். இந்த இடத்தில் நான் நீதிமன்றத்தோடு முழுக்க மாறுபடுகிறேன். மணி அடிக்கும்வரை வெளியே நின்ற ரெட்டமலை சீனிவாசனுக்கு நல்லது கெட்டது தெரிந்தது, உள்ளே இருந்த 390 பேருக்குப் பாடம்தான் தெரிந்தது. ராஜஸ்தானும் 2014 டிசம்பரில் இதே போன்ற விதியை அவசரச் சட்டமாகக் கொண்டுவந்தது; ஆட்சி மாறிய பிறகு 2019இல் அதை நீக்கிவிட்டது.

பொய்ச் சான்று வேறு விஷயம். மணிப்பூரில் எம்.பி.ஏ. படித்ததாகப் பிரமாணப் பத்திரத்தில் எழுதி வென்றவரின் தேர்தலை உச்ச நீதிமன்றம் 2016இல் செல்லாததாக்கியது. அது சரி. வாக்காளரிடம் பொய் சொன்னவர் பதவியில் இருக்கக் கூடாது. கருணாநிதி தேர்வில் தோற்றதை ஒளிக்கவில்லை, எம்.ஜி.ஆர். மூன்றாம் வகுப்பை ஒளிக்கவில்லை. படிவம் 26இன் அந்தப் பத்தி இருக்கட்டும், உண்மை எழுதப்படட்டும். மக்கள் படித்துப் பார்த்து முடிவு செய்துகொள்வார்கள்.

தமிழ்நாட்டு உள்ளாட்சிகளில் 2016இல் வந்த சட்டத்தின்படி பாதி இடங்கள் பெண்களுக்கு. ஊராட்சித் தலைவராகவும் வார்டு உறுப்பினராகவும் வரும் பெண்களில் ஐம்பது, அறுபது வயதுக்காரர்களும் உண்டு. தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள, தீப்பெட்டி ஒட்ட, நாற்று நடப் போனதால் பள்ளியைப் பாதியில் விட்டவர்கள் அவர்களில் இருக்கிறார்கள். உள்ளூர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிக்குத் தண்ணீர் வருகிறதா, சுற்றுச்சுவர் நிற்கிறதா, கழிப்பறையைக் கழுவ ஆள் வந்தாரா என்று பார்ப்பதும் அவர்கள் வேலைதான். பேத்தி அந்தப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு படிப்பாள். பாட்டிக்குச் சான்றிதழ் இல்லை. ஹரியானாவாக இருந்தால் அவர் மனுவே தாக்கல் செய்திருக்க முடியாது.